ஏழாம் எண் வாசகம்

மஞ்சக்குப்பத்தில் எங்கள் அச்சகத்தில்
கல்யாண அட்டைக்கு ஒரு மாதிரி ஆல்பம் உண்டு.
பிள்ளையார் நாற்பது தினுசு,
சிலுவை பன்னிரண்டு, பிறை ஒன்பது.
கடைசித் தாளில் எண் போட்ட ஆங்கில வாசகங்கள்.
எல்லோர் விரலும் ஏழாம் எண்ணில்தான் நிற்கும்.

அர்த்தம் கேட்பவர் குறைவு.
"பாக்க நல்லாருக்கும்மா, போடு" என்பார்
துறைமுகத்தில் ஐஸ் கம்பெனி வைத்திருப்பவர்.
"லவ்வுன்னு ரெண்டு தடவ வருது,
ஒண்ண எடுத்துடு" என்றாள் ஒரு மணப்பெண்ணின் சித்தி.
எடுத்துவிட்டேன்.

பதினாலு வரியாகப் பிறந்ததாம்.
நான் வேலைக்குச் சேரும்போது நாலு.
முதலாளி தனகோட்டி எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லி
இரண்டாக்கினார்.
தானே புயலுக்குப் பிறகு கணினி மாற்றியதில்
முற்றுப்புள்ளியும் போயிற்று.
இப்போது அது முடிவதே இல்லை.

வெள்ளிக் கடற்கரையில் விற்கும்
இதயத் தலையணையில் பார்த்திருக்கிறேன்.
இம்பீரியல் ரோட்டு பேக்கரியில் ஒரு கேக்கின் மேல்,
கிரீம் தீர்ந்து பாதிச் சொல்லில் நின்றது.
ஒருமுறை கல்லறைக் கல்லுக்கென்று
ஒருவர் தாளில் எழுதி வாங்கிப் போனார்.
எழுத்துப்பிழை இருந்ததோ என்று
இன்றுவரை எனக்குக் கவலை.

எழுதியது யாரென்று
ஆர்டர் இல்லாத ஒரு மழைநாளில் தேடினேன்.
விக்டோரியா ராணி காலத்துக்காரி.
நோயாளி. அறையைவிட்டு அதிகம் வராதவள்.
நாற்பதைத் தொடும் வயதில் ஒரு கடிதம் வந்தது.
பிள்ளைகள் யாருக்கும் கல்யாணம் கூடாதென்ற அப்பா.
ஒளித்து எழுதினாள். ஒளித்து மோதிரம் மாற்றினாள்.
ஒரு வாரம் ஒன்றும் நடக்காததுபோல்
அதே வீட்டில் இருந்தாள். பிறகு கப்பல்.
அவள் கடிதங்களை அப்பா கடைசிவரை பிரிக்கவில்லை.

அச்சுக்குக் கொடுக்கும்போது கூச்சத்தில் ஒரு பொய்:
என்னுடையது இல்லை, வேறு மொழியிலிருந்து பெயர்த்தது.
இந்த இடத்தில் கணினியை அணைத்துவிட்டேன்.

போன ஆவணியில் இருவர் வந்தார்கள்.
செல்லப்பிரியா, அரசு ஆஸ்பத்திரி நர்ஸ்.
அவன் சிப்காட்டில் பாய்லர் பார்ப்பவன்,
சட்டையெல்லாம் மருந்து நெடி.
ஐம்பது அட்டை.
"இருவீட்டார் அழைப்பு?" என்றேன், பழக்கத்தில்.
அவள் சுவர்க் காலண்டரைப் பார்த்தாள்.
"அது வேணாங்க்கா" என்றான் அவன்.
"இன்னார் மகள்?"
"வேணாம்."
"இடம்?"
"ரிஜிஸ்டர் ஆபீஸ். அதையும் போடாதீங்க."

தாத்தா, தாய்மாமன், பட்டம், பூர்வீகம் என
அடைத்துக்கொண்டு நிற்கும் இடம்
வெறும் வெள்ளையாய்க் கிடந்தது.
அளந்து பார்த்தேன்.
சின்ன எழுத்தில் பதினாலு வரி பிடிக்கும்.

"ஏழாம் எண் போடவா?"
"தமிழ்ல இருக்காக்கா?"
"இருக்கு" என்றேன்.
இல்லை.

அன்றிரவு கெடிலப் பாலத்து லாரிச் சத்தத்தில்
உட்கார்ந்து எழுதினேன்.
வெள்ளம் வந்த வருடம் இடுப்பளவு நீரில்
பேப்பர் ரீம்களைத் தலையில் சுமந்து வந்து
மாடியில் இறக்கிவிட்டு
மிதந்துபோன என் செருப்புக்காக
மறுபடி இறங்கிய ஒருவனைப் பற்றி.
பதிமூன்று வரிதான் வந்தது.
பதினாலாவதற்கு அவர்கள் தேதியைப் போட்டேன்.
அடியில், "ஆங்கிலத்திலிருந்து தமிழில்."

மறுநாள் கட்டிங் மெஷினில்
ஓரம் வெட்டிக்கொண்டிருந்தவன்
ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான்.
நெடுநேரம் பிடித்திருந்தான்.
"அந்த ஊர்லயும் வெள்ளம் வருமா?"
"வரும்."
"செருப்புகூடப் போவுமா?"
எனக்கு போன் வந்தது. வராத போன்.

ஆல்பத்தில் இப்போது புதிதாய் ஒரு எண் சேர்ந்திருக்கிறது.
நேற்று நெல்லிக்குப்பத்திலிருந்து வந்த அம்மாள்
அதில் விரலை வைத்தாள்.
"இது போடுங்க. நீளமா இருக்கு, நாலு வரி போதும்.
அந்தச் செருப்பை மட்டும் எடுத்துடுங்க,
மங்களகரமா இல்ல."

மவுஸில் கை வைத்தபடி இருக்கிறேன்.
உள்ளே கட்டிங் மெஷின் ஓடுகிறது,
நிற்கிறது,
ஓடுகிறது.